வெறுங்குழாய்

மலைமேல் ஒண்டிக்கடையில் டோமினிக்கின் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் அமுதவல்லியைப் பார்க்கலாம். வயது முப்பத்தொன்பது. தடித்த கண்ணாடி, முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர், அதன் பையில் இரண்டு பென்சில். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள், சாதிச் சான்றிதழுக்கு மனு எழுத வருகிறவர்கள், பட்டாவில் அப்பன் பெயர் மாறிவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் அவள் முன்னால்தான் நிற்பார்கள். மனு எழுதிக் கொடுப்பாள். முன்பெல்லாம் எழுதிய கையோடு ஒரு பழைய தாளைத் திருப்பிப் போட்டுப் படமும் வரைந்து காட்டுவாள். இந்த மனு இங்கே போகும், அங்கிருந்து இவருக்கு, இவர் செய்யாவிட்டால் அவருக்கு. கட்டம், கோடு, அம்புக்குறி. படம் போடாமல் ஒரு சங்கதியையும் சொல்ல மாட்டாள். இப்போது பென்சில் பையிலேயே கிடக்கிறது. யாராவது பழைய ஞாபகத்தில், "படம் போட்டுக் காட்டுங்க அம்மிணி" என்று கேட்டால், காது கேட்காதவள் மாதிரி ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அவள் அப்பா செல்லப்பன் வெள்ளக்கடைக்கு மேலே மேக்காட்டு எஸ்டேட்டில் மிளகு பறித்தவர். ராசிபுரம் பக்கமிருந்து வயிற்றுப் பாட்டுக்காக மலையேறிய குடும்பம். மூன்று தலைமுறையாக, கூலிக்காரர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீட்டில் பிறந்து லயன் வீட்டிலேயே செத்தார்கள். முதல்முதலாகப் பஸ் ஏறிக் கீழே போய் பி.ஏ. படித்து, சட்டக் கல்லூரியிலும் கால் வைத்தவள் அமுதவல்லி. இரண்டாம் வருஷம் பாதியில் செல்லப்பன் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, மகள் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மலையேறி வந்தாள். ஏழு வருஷம் அவருக்குத் துணி மாற்றினாள். இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பினார்கள். இதையெல்லாம் அவள் ஒரு குறையாகப் பேசியதில்லை. படிப்பு போனதைப் பற்றி மட்டும் எப்போதாவது பேசுவாள்.

அதிலும் ஒரு பாடத்தைப் பற்றித்தான் பேசுவாள். கல்லூரியில் மற்ற எல்லோரும் கைகழுவிவிட்ட பாடம் அது, சட்டத் தத்துவம். ஒரு விதிக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? அதற்கு மேலே இருக்கிற விதி அப்படிச் சொல்வதால். அந்த மேல் விதிக்கு? அதற்கும் மேலே ஒன்று இருப்பதால். இப்படியே ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு விதி நிற்கும். அதற்கு மேலே எதுவும் இல்லை. அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் கீழே உள்ளதெல்லாம் நிற்கும். வாத்தியார் இதை மூன்று மாதம் வாயாலேயே சொன்னார். பின்பெஞ்சு தூங்கியது. அமுதவல்லிக்குத் தூக்கமும் வரவில்லை, பாடமும் விளங்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் மலையேறும்போது நோட்டை மடியில் வைத்து ஒரு முக்கோணம் போட்டாள். அதைப் படிப்படியாக வெட்டினாள். உச்சியில் அரசியலமைப்பு, அடுத்து சட்டம், அடுத்து அரசாணை, அடியில் அதிகாரி போடும் உத்தரவு. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த அதிகாரமெல்லாம் ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரின் வாயிலிருந்து வந்தது. இன்றைக்கு உனக்கு வேலை உண்டு, உனக்கு இல்லை, லயன் வாசலில் ஆட்டைக் கட்டாதே. அந்த ரைட்டரை இந்தப் படத்தில் எந்தப் படியில் நிறுத்துவது என்று தேடினாள். அவருக்கு இடமே இல்லை. அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷம் அதற்குப் பிறகு வாழ்க்கையில் வரவில்லை.

செல்லப்பன் செத்த பிறகு லயன் வீட்டை ஒப்படைத்துவிட்டு, ஒண்டிக்கடையில் ஒரு ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை. ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேக்காட்டு லயனுக்குப் போய், காபிக் காய் உலர்த்தும் சிமெண்டுக் களத்தில் சாக்பீஸால் முக்கோணம் போட ஆரம்பித்தாள். அங்கேதான் முதல் அடி விழுந்தது.

"ஏனுங்க அம்மிணி, அடியில இருக்கறதுதானுங்க அகலமா இருக்குது. அப்ப அதுதான பெருசு?" என்றார் காளியண்ணன். காபிச் செடி கவாத்து வெட்டுகிறவர், எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"இல்லீங்கண்ணா, மேல இருக்கறதுதான் பெருசு."

"மேல இருக்கறது ஊசி மொனையாட்டம் இருக்குதுங்க. அதப் போயி பெருசுங்கறீங்க."

களமே சிரித்தது. அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே சிரிப்பு. மூன்றாவது ஞாயிறு அவள் போனபோது குழந்தைவேல் கையில் ஸ்பானரோடு மேலே ஏறிக்கொண்டிருந்தான். லயனுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் அவன்தான். உச்சிப் பாறை இடுக்கில் ஓர் ஊற்று. அதிலிருந்து பெரிய தொட்டி. தொட்டியிலிருந்து மலைச்சரிவெல்லாம் படுத்துக்கொண்டு வரும் கறுப்பு ஓஸ். ஓஸின் முடிவில் லயன் வாசலில் ஒரு குழாய். அமுதவல்லி முக்கோணத்தைக் காலால் அழித்துவிட்டு அதை அப்படியே களத்தில் வரைந்தாள். ஊற்று அரசியலமைப்பு. தொட்டி சட்டம். ஓஸ் அரசாணை. குழாய், வாசலுக்கு வருகிற உத்தரவு.

"ஊத்துக்கு எங்கிருந்துங்க தண்ணி வருது?" காளியண்ணன்தான்.

"அதுக்கு மேல கேக்கக் கூடாதுங்கண்ணா. அது வருது. அது வருதுன்னு வெச்சுத்தான் மத்ததெல்லாம்."

"அது செரிதானுங்க" என்று அவரே ஒத்துக்கொண்டார். மூன்று மாதப் பாடம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அமுதவல்லிக்கு உற்சாகம் தாங்கவில்லை. களத்தின் ஓரத்தில், எதோடும் சேராமல் தனியாக ஒரு குழாய் போட்டாள். "தொட்டியோட சேராத கொழாய் ஒண்ணை ஒருத்தர் கொண்டாந்து உங்க வாசல்ல நட்டு வெச்சா என்னங்க ஆகும்?"

"காத்து வரும் கண்ணு" என்றாள் சென்னம்மாள். "உஸ்ஸுன்னு சத்தம் போடும். நொம்பச் சத்தம் போடும்."

"மேல இருக்கற சட்டத்தோட சேராத உத்தரவும் அப்படித்தாங்க்கா. வெறுங்கொழாய். சத்தம் மட்டுந்தான்."

சென்னம்மாளுக்கு அப்போது ஐம்பத்தேழு. பதிமூன்று வயதில் கூடை கட்டி காபிப்பழம் பறிக்க வந்தவள். புருஷன் போய்விட்டான், ஒரே மகள் மீனாட்சி ஓமலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தப் படத்தை ஒரு சார்ட்டில் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கி, வீட்டுச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். யார் வந்தாலும் விளக்கமும் சொன்னாள். அமுதவல்லியைவிட நன்றாகவே சொன்னாள் என்பார்கள்.

பிறகு எஸ்டேட் கைமாறியது. வாங்கியவருக்குக் காபி வேண்டாம், டூரிஸ்டுகளுக்கு வீடு கட்ட இடம் வேண்டும். ஒருநாள் காலை கேட்டைப் பூட்டினார்கள், அத்தோடு வேலை முடிந்தது. வேலையை விட்டு நிறுத்தியதாக யாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் தரவில்லை. ஆனால் ஆறு லயன் வீட்டுக் கதவிலும் மானேஜர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஒட்டினார்கள். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

அமுதவல்லி ஓடி வந்து கடிதத்தைப் படித்தாள். "கோர்ட் சொல்லாம யாரும் உங்களை எறக்க முடியாதுங்க. எழுத்துல உங்களை வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. இந்தக் கடுதாசிக்குப் பின்னால தொட்டியும் இல்லை, ஓஸும் இல்லை."

"வெறுங்கொழாய்" என்றாள் சென்னம்மாள்.

"அதேதாங்க்கா."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் ஆளாளுக்கு அவள் தலையில் எல்லாவற்றையும் போட்டார்கள். அந்தக் கடிதம் வெறுங்குழாய்தான். பதினைந்து நாள் போயிற்று, முப்பது நாள் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ரைட்டர் இரண்டு முறை வந்து கத்தினார். சென்னம்மாள் அவரை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டி, "இதுல நீங்க எங்கீங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். அமுதவல்லி இதைத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காதோரம் சுடுகிறது.

வேலை இல்லாமல் எத்தனை நாள் உட்கார முடியும்? மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். காளியண்ணன் வெள்ளக்கடையில் ஒரு தோட்டத்தில் காவலுக்குச் சேர்ந்தார். சென்னம்மாள் மட்டும் அசையவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டு அங்கேயே இருந்தாள். ஒரு வீட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த முடியாது என்று அமுதவல்லி வாழவந்திப் பக்கம் போக ஆரம்பித்தாள். சென்னம்மாளைச் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பார்ப்பதோடு சரி.

ஐப்பசி மழையில் இரண்டாவது காகிதம் வந்தது. இந்த முறை கதவில் ஒட்டவில்லை. குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சென்னம்மாள் பழுப்பு உறையைப் பிரித்து எழுத்துக்கூட்டினாள். எஸ்டேட்டின் பெயர் இருந்தது. தன் பெயர் இருந்தது. காலி என்ற சொல் இருந்தது. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? சார்ட்டுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

இந்த மலையில் இருக்கிறவர்களின் பழக்கம் இது. சித்திரை, வைகாசியில் குழாயைத் திறந்தால் காற்று வரும். யாரும் குழாயடியில் நின்று சண்டை போடுவதில்லை, காற்று வந்தது என்று யாரிடமும் போய்ச் சொல்வதும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்துவிடுவார்கள். வெறுங்குழாயோடு ஒருவருக்கு என்ன பேச்சு? சென்னம்மாளும் அப்படித்தான் நடந்தாள். கீழே கோர்ட்டில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்ட அன்று, அவள் யாரோ ஒருவர் தோட்டத்தில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.

அமுதவல்லி கேட்காமலும் இல்லை. கார்த்திகையில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டாள். "ஏதாச்சும் காயிதம் வந்துச்சுங்களாக்கா?"

"வந்துது கண்ணு. அதே பாட்டுதான். காத்து."

அமுதவல்லி சிரித்தாள். வாழவந்தி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏறிவிட்டாள். அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க, பார்க்கிறேன் என்று சொல்ல இரண்டு விநாடி போதும். தன் பாடத்தைத் தன் மாணவி இவ்வளவு சுத்தமாகப் பிடித்துக்கொண்டாளே என்ற பெருமை அந்த இரண்டு விநாடியைத் தின்றுவிட்டது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் காளியண்ணன் போன் செய்தார். "அம்மிணி, சென்னம்மா ஊட்டுச் சாமானையெல்லாம் வெளிய எடுத்து வெக்கறாங்க. போலீசு வந்திருக்குது." டோமினிக்கின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது அடுப்பும், டிரங்குப் பெட்டியும், ஒரு நெல்லிக்காய் ஜாடியும் களத்தில் இருந்தன. வீட்டைக் காலி செய்விக்க வந்த கோர்ட் அமீனா, இரண்டு போலீஸ்காரர்கள், கொஞ்சம் தள்ளி ரைட்டர். சென்னம்மாள் சார்ட்டைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள். அமுதவல்லியைக் கண்டதும் அவள் முகம் தெளிந்ததே, அதுதான் கொடுமை.

"வந்துட்டியா சாமி. நீயே சொல்லு இவங்ககிட்ட. வெறுங்கொழாய்னு சொல்லு."

அமீனா தன்மையான மனிதர். கத்தாமல் உத்தரவை அமுதவல்லியிடம் நீட்டினார். அவள் படித்தாள். பிரதிவாதி சம்மன் பெற்றும் ஆஜராகாததால் ஒருதலையாகத் தீர்ப்பு. அதன்மேல் நிறைவேற்ற உத்தரவு. முத்திரை, தேதி, கையெழுத்து. எங்காவது கோடு அறுந்திருக்கிறதா என்று அடியிலிருந்து மேலே மனசுக்குள் ஏறிப் பார்த்தாள். அமீனாவுக்குப் பின்னால் கோர்ட், கோர்ட்டுக்குப் பின்னால் சட்டம், சட்டத்துக்குப் பின்னால் ஊற்று. எல்லாம் சேர்ந்திருந்தது. வாழ்நாளில் அவள் பார்த்ததிலேயே தண்ணீர் நிறைந்த குழாய் அதுதான்.

"சம்மன் வந்துதாமுங்களேக்கா" என்றாள்.

சென்னம்மாள் சார்ட்டைப் பிரித்தாள். பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தாள். "இதா கண்ணு? இதுவும் அந்த மானேஜரு காயிதந்தான? எஸ்டேட்டுப் பேருதான போட்டிருக்குது?"

அமுதவல்லி உள்ளேயிருந்த காகிதத்தை எடுத்து, கோர்ட் முத்திரையின் மேல் விரலை வைத்தாள். சென்னம்மாளுக்கு விளங்கியது. கதவை விட்டு நகர்ந்து களத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் கூரைத் தகடுகளை இறக்கிவிட்டார்கள். கூரை இல்லாத வீட்டுக்குள் வெயில் விழுந்து கிடந்தது. அவள் இங்கே வந்த நாற்பத்து நான்கு வருஷத்தில் அந்தச் சுவர் அப்படி வெயிலைப் பார்த்ததில்லை.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வழி உண்டு. சட்ட உதவிக் குழுவில் இருந்த சத்யராஜ் வக்கீல் சென்னம்மாளுக்காக ஆஜராக ஒத்துக்கொண்டார். அவருக்குத் தொழில் தெரியும். "சம்மனை வாங்கினதுக்குக் கையெழுத்து இருக்கு, அதனால வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. அம்மாவுக்குப் பேரெழுத மட்டுந்தான் தெரியும், படிக்கத் தெரியாது, என்ன காகிதம்னே தெரியலைன்னு எழுதிருவோம். கொஞ்சம் வழி இருக்கு."

சென்னம்மாள் யோசித்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நாங் கையெழுத்துப் போடணுங்களா?"

"அவ்வளவுதாம்மா, போட்டுருங்க."

"மாட்டனுங்க" என்றாள். அதற்கு மேல் அவளை அசைக்க முடியவில்லை.

அமுதவல்லி உண்மையை எழுதினாள். ஒரு பிரமாண வாக்குமூலம், தன் பெயரில். இந்தப் பெண்மணிக்கு இப்படி ஒரு படம் போட்டுச் சட்டம் சொல்லிக் கொடுத்தது நான், அதை நம்பித்தான் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை, தவறு என்னுடையது. அடியில் படத்தையும் வரைந்து இணைத்தாள்.

"உங்க தன்னார்வலர் அட்டை போயிரும்" என்றார் சத்யராஜ்.

"போகட்டுங்க."

அட்டை போய்விட்டது, அது தனிக் கதை. மனு விசாரணைக்கு வந்த நாளில் கீழே தாங்க முடியாத வெக்கை. சென்னம்மாள் அந்த மாதங்களில் ஓமலூரில் மகள் வீட்டில், மருமகனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்றுகொண்டிருந்தாள். மலையை விட்டு இறங்கியதிலிருந்து அவளுக்குக் கை காலெல்லாம் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு அன்றைக்குப் பஸ் ஏறி வந்து கோர்ட் வராந்தாவில் காத்திருந்தாள். எஸ்டேட் வக்கீல், மனுப் போட்டதில் நூற்று நாற்பத்தாறு நாள் தாமதம் என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, படத்தில் நின்றார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இதை வரைஞ்சது யாரு?"

அமுதவல்லி முன்னால் போய் நின்றாள். "நானுங்கய்யா."

"நல்லா இருக்கும்மா. நான் படிக்கிறப்ப யாராவது இப்படிப் போட்டுக் காட்டியிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சம்." அவர் கேலி செய்யவில்லை, மனசாரத்தான் சொன்னார். "படத்துல தப்பில்ல. ஆனா ஒரு காகிதம் செல்லுமா செல்லாதான்னு வீட்ல உக்காந்து முடிவு பண்ண முடியாது. இங்க வந்து சொல்லணும். செல்லாதுன்னு நாங்க சொல்ற வரைக்கும் அது செல்லும். தப்பான உத்தரவா இருந்தாக்கூட." போதிய காரணம் காட்டப்படவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் பெஞ்சு முழுக்க ஆட்கள். அமுதவல்லியும் சென்னம்மாளும் தூணோரம் நின்றார்கள். அழத் தனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று அமுதவல்லி அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"அய்யா என்ன கண்ணு சொன்னாரு?"

"படம் செரின்னு சொன்னாருங்க்கா."

"செரியாமா?"

"செரியாமுங்க."

"அப்ப ஊடு?"

அமுதவல்லி இல்லை என்று தலையை ஆட்டினாள். சென்னம்மாள் வீங்கிய கையை நீட்டி, வக்கீல் கொடுத்த நகல் காகிதங்களை வாங்கிப் படம் இருந்த பக்கத்தை எடுத்தாள். ஊற்றிலிருந்து ஆரம்பித்துத் தொட்டி, ஓஸ், குழாய் என்று விரலை இறக்கிக்கொண்டே வந்தாள். குழாயோடு படம் முடிந்தது. அதன் கீழே வெறும் தாள். விரல் அந்த வெற்றிடத்தில் நின்றது.

"இதுல நான் எங்க கண்ணு இருக்கறேன்?"

அமுதவல்லி பார்த்தாள். நோட்டில் முதல் முக்கோணம் போட்ட நாளிலிருந்து அவள் எத்தனையோ படம் போட்டிருக்கிறாள். எதிலும் ஓர் ஆள் இல்லை. தண்ணீர் திறந்துவிடும் குழந்தைவேல்கூட இல்லை.

"உங்களைப் போடலீங்க்கா."

சென்னம்மாள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"ஒரு கொடத்தயாச்சும் வெச்சிருக்கலாம்" என்றாள். பிறகு, ஓமலூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டாள்.